அஞ்சாம் பெட்

"அதே கிளவுஸோட இவரைத் தொடாதீங்க சிஸ்டர்."

"இப்பதாம்மா போட்டேன். உங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"போட்டது நாலாம் பெட்டுக்கு. இது அஞ்சாம் பெட்."

டயாலிசிஸ் ஹாலில் படுத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆஷ்லிக்கு முகம் சுண்டிப்போனது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து இந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு வர ஆரம்பித்து ரெண்டு வாரம்தான் ஆகிறது. அஞ்சாம் பெட் ரத்தினவேலுக்கு முறை வரும் நாளெல்லாம் இந்த அற்புதம்மாளோடு மல்லுக்கட்டுதான்.

கிளவுஸில் ஒட்டிய துளி ரத்தம் போதும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றிவிடும். ஆஷ்லியும் அதைப் படித்தவள்தான். ஆனால் இருப்பது ரெண்டே நர்ஸ். அந்தப் பக்கம் ஏழாம் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அவசரத்தில் கை மறந்துவிடுகிறது. அதற்காக ஹாலே கேட்கிற மாதிரியா சொல்வது?

சூப்பர்வைசரிடம் சொல்லி உங்களை வெளியே உட்கார வைத்துவிடுவேன் என்று மிரட்டிப் பார்த்தாள்.

"தாராளமா சொல்லுங்க. மாத்திட்டுப் போய்ச் சொல்லுங்க."

பழையதைக் கழற்றி எறிந்து, கை கழுவி, புதுசு போட்டுக்கொண்டு ஊசியைக் குத்தினாள் ஆஷ்லி. ரத்தினவேல் சிரித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர், எதற்கும் கோபப்படமாட்டார். அற்புதம்மாள் அவர் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவள் நகர்ந்ததும் ஆஷ்லி குனிந்து, "வீட்லயும் இப்படித்தானாங்கய்யா? உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க" என்றாள்.

"எங்க வீட்டம்மாவா? அவ மில்லுல இருக்கா பாப்பா. இந்தம்மாவுக்கு ஊரு பாலக்கரை. எனக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல."

"அப்புறம் எதுக்கு உங்க பெட்டுகிட்டயே வந்து உட்கார்றாங்க?"

ரத்தினவேல் தாடையால் கோடியிலிருந்த கண்ணாடிக் கதவைக் காட்டினார். ஹெபடைட்டிஸ் சி வந்தவர்களுக்கென்று தனி மெஷின் போட்ட அறை. உள்ளே ஒருவருக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள் அற்புதம்மாள்.

"அவருதான் அவங்க வீட்டுக்காரர். போன வருஷம் வரைக்கும் இதே அஞ்சாம் பெட்லதான் படுத்திருந்தாரு. கிளவுஸ் மாத்தாம அவரைத் தொட்டப்பல்லாம், படிச்சவங்களுக்கு நாம என்னத்தைச் சொல்றதுன்னு பேசாம உட்கார்ந்திருந்தாங்களாம்."

உங்க வீட்டு ஆளு டயாலிசிஸ்ல படுத்திருக்கறப்ப நீங்க வாயைத் திறந்து கேட்டதுண்டா? கேட்டப்ப என்ன பதில் வந்துச்சு? கீழே எழுதுங்க.