டாங்கி கழுவிய பகல்

பெற்றோல் டாங்கியை இன்னொரு தடவை குலுக்கச் சொன்னான் ஹமீட்.

தில்லைநாதன் அதை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கிக் குலுக்கினார். உள்ளே கொதிதண்ணீரும் சவர்க்காரமும் ஒரு பிடி கூழாங்கல்லும் உருண்டன.

முற்றத்தில் அவருடைய கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றியாகிவிட்டது. தூக்கிப் பிடிக்க ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வேலை முடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். பெண்சாதி இல்லாத வீட்டில் தேத்தண்ணி கேட்க யாருக்கும் வாய் வராது.

இனி மிச்சம் எண்ணெய் ஓடும் வழிதான். டீசல் பம்ப் குடித்தது போக மிஞ்சியதைத் திருப்பி டாங்கிக்குள் விட இன்னொரு குழாய் வேண்டும். அதற்கு டாங்கியில் துளை போட்டு ஈயம் உருக்கிப் பற்றவைக்க வேண்டும். பெற்றோல் வாடை கொஞ்சம் இருந்தாலும் நெருப்புக் காட்டியவுடன் வெடிக்கும் என்றான் ஹமீட். தூசு ஒன்று உள்ளே போனாலும் பம்ப் செத்துவிடும் என்றும் சொன்னான். வவுனியாவில் லொறிகளுக்கு இந்த வேலை செய்து பழகியவன். வேலை செய்வதைவிடப் பயமுறுத்துவது கூட.

டீசல் மலிவு என்பதெல்லாம் தில்லைநாதனுக்கு ஒரு பொருட்டில்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் அந்தக் காபரேற்றர் இல்லாத எஞ்சின் ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

கழற்றிய அன்றைக்கே காபரேற்றரைக் கொண்டுபோய்க் குளத்தில் எறிந்துவிட்டார். போகும் வழி நெடுக அதை ஏசிக்கொண்டே போனார்.

இரண்டு வருஷமாக அது அவருடைய மானத்தை வாங்கியது. மாங்குளத்துக்கு வாடகை ஓட்டம், ஹயர் என்று விடியப் புறப்பட்டால், ஒரு மைல் போகுமுன் கார் நின்றுவிடும். காபரேற்றரைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார். அதற்குள் ஹயர் வேறு காரில் போய்விடும். பிறகு கார் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்புவார்.

வீட்டில் எப்போதும் இரண்டு பேருக்குச் சோறு இருக்கும்.

பெண்சாதி இராசமலரின் சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தில். இங்கே காட்டோரக் காணியில் அவளும் யானை வரும் சத்தமும்தான். அவர் ஹயர் போனால் இரண்டு மூன்று நாள் திரும்பமாட்டார்.

"கலியாணக் கூறை எனக்கு எடுத்தனீங்களோ, உந்தக் காருக்கு எடுத்தனீங்களோ?" என்று பகிடி விடுவாள். அவர் சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்புவார்.

போன மாரியில் அவளைப் புடையன் பாம்பு கடித்தது.

பின் ஆசனத்தில் படுக்கவைத்துக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். முள்ளியவளைக்கு இந்தப் பக்கம், நடுக் காட்டில், கார் நின்றது.

அவர் காரை உதைத்தார். வாயில் வந்த தூஷணம் எல்லாவற்றாலும் ஏசினார். அழுதார்.

"காரை ஏசாதேங்கோ," என்றாள் இராசமலர். "அது ஒண்டும் செய்யேல்லை."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கார் கிளம்பியபோது ஆஸ்பத்திரிக்கு அவசரம் இருக்கவில்லை.

சுமங்கலியாகப் போனவளுக்குக் கூறை உடுத்தித்தான் அனுப்பவேண்டும். பெட்டகத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், சிவப்புக் கூறையில் ஒரு மூலையைக் காணவில்லை. எலி அரித்துப்போட்டுது என்று உடுத்திவிட்ட பெண்கள் சொன்னார்கள். குறை தெரியாமல் மடிப்புக்குள் மறைத்துக் கட்டிவிட்டார்கள். காபரேற்றரைத் தவிர வேறொன்றும் அன்றைக்கு அவர் மண்டையில் ஏறவில்லை.

"பொறுங்கோ அண்ணை, உள்ளுக்கை ஏதோ கிடக்கு," என்றான் ஹமீட்.

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். கறுத்துப் பிசுபிசுத்த துணி ஒன்று வந்தது. உள்ளங்கை அளவு இருக்கும். இதுதான் குழாய் வாயில் போய் ஒட்டியிருக்கிறது, கார் நின்று கொஞ்ச நேரத்தில் தானாக விலகியிருக்கிறது, காபரேற்றரை எத்தனை தரம் கழற்றி என்ன பயன் என்று ஹமீட் தன்பாட்டில் விளக்கிக்கொண்டிருந்தான்.

தில்லைநாதன் துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு அலசினார். கறுப்புப் போகச் சிவப்பு வந்தது. ஓரத்தில் சரிகை தெரிந்தது. இரண்டு பக்கம் நேராக, கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது.

கூறையின் அந்த மூலையை விரலால் தடவினார்.

ஹயர் போகாமல் அவர் வீட்டில் நிற்கவேண்டும். அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைத்திருக்கமாட்டாள். அன்றைக்கு நடுக் காட்டில், பின் ஆசனத்தில் கிடந்தபடி, கார் ஏன் நின்றது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும்.

"ஆர் அண்ணை உதுக்குள்ளை துணியைப் போட்டது?"

"எலியாயிருக்கும்," என்றார் தில்லைநாதன்.

ஹமீட் துணியைப் பார்த்தான். அவருடைய முகத்தைப் பார்த்தான். ஈயம் காய்ச்சப் போய்விட்டான்.

அவர் துணியைப் பிழிந்து, நாலாய் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். ஈரம் நெஞ்சில் பட்டது.

ஒரு வருஷமாக, விடிந்தால் பொழுதுபட்டால், அவர் இந்த வீட்டில் அந்தக் காபரேற்றரை ஏசிக்கொண்டுதான் இருந்தார். வேறு ஒருவரோடும் அவருக்குக் கதை இருக்கவில்லை.

அவளை ஏச அவருக்கு வாய் வரவில்லை. இனி ஏசுவதற்கும் ஒருவரும் இல்லை.