ஆபரேட்டரம்மாவின் ஆட்சேபம்

“பொய்! பச்சைப் பொய்! இத்தனை பேர் முன்னால இப்படி மானத்தை வாங்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?”

மாடியிலிருந்து வந்த சத்தத்தில் கீழ்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்தினார். புருஷன் பெண்டாட்டி சண்டை கைகலப்பில் போய் முடிந்துவிடக் கூடாதே என்று இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினார்.

மாடியில் கணவர் சாவகாசமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மனைவி டி.வி.யைப் பார்த்து விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்லப்பா, சீரியல்” என்றார் கணவர். “ஞாயித்துக்கிழமை ஆறிலேருந்து ஏழு வரைக்கும் இப்படித்தான். நீ போய் வேலையைப் பாரு.”

தெருவில் எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனும் கையில் ஒயருமாக இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்சேஞ்சில் நடக்கும் கதை என்று ஒரு சீரியல் வந்தால், அவரைக் கையில் பிடிக்க முடியுமா?

முதல் எபிசோடிலேயே ஆரம்பித்துவிட்டார். “ஒயரைப் பிடிச்சா இழுக்கிறா? பிளக்கைப் பிடிச்சு உருவணும். எங்க சூப்பர்வைசர் பார்த்திருந்தா கையை ஒடிச்சிருப்பா!”

அடுத்த வாரம், “எட்டு மணி நேர டியூட்டி முடிச்சவ தலையில ஒரு முடிகூடக் கலையலையே, எப்படி?” அதற்கும் அடுத்த வாரம், “வாய்க்கு முன்னால இருக்கிற குழலைக் கையால பொத்தாமலா ஒட்டுக்கேப்பா? மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் போகாது? அதை விடு, அந்த ஜாக்கெட்டைப் பாரு. அந்தக் காலத்துல ஏது இந்தக் கழுத்து?”

ஆனால் ஒரு எபிசோடையும் விட்டதில்லை. பாத்ரூம் போகக் கையைத் தூக்கி அனுமதி கேட்ட பெண்ணை சூப்பர்வைசர் முறைத்த காட்சியில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “இது நிஜம். இது மட்டும் நிஜம்” என்று மூக்கை உறிஞ்சினார்.

இன்றைக்குப் பன்னிரண்டாவது எபிசோட். கதாநாயகி ஒரு டாக்டரின் பேச்சைத் தினமும் ஒட்டுக்கேட்டு, முகம் பார்க்காமலே காதலிக்கிறாள். டாக்டர் வேறொரு பெண்ணுக்குச் சம்மதம் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், வெடுக்கென்று பிளக்கை உருவிவிடுகிறாள். தையல்காரரை மாடிக்கு ஓட வைத்த கூச்சல் அதற்குத்தான்.

“எழுதுடி” என்றார், ஞாயிறுதோறும் வந்து போகும் மகளிடம். “டி.வி.காரங்களுக்கு ஒரு ஆட்சேபக் கடிதம். மன்னிப்புக் கேட்டே ஆகணும். நாளைக்கே எங்க செட்டுல பதினோரு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கப் போறேன்.”

“கதைதானேம்மா, விடேன்.”

“அதெப்படி விடுறது? தலையில ஹெட்போனை மாட்டினா காது எங்களோடது, பேச்சு அவங்களோடது. கலெக்டர் பேசினாலும் சரி, காதலன் பேசினாலும் சரி. எழுது. ‘எங்கள் எக்ஸ்சேஞ்சில் எந்த ஆபரேட்டரும், எந்தக் காலத்திலும், யாருடைய பேச்சையும் ஒட்டுக்கேட்டதில்லை. லைனைத் துண்டித்ததும் இல்லை.’”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதி நீட்டினாள். ஆபரேட்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றெழுத்துப் பிழைகளைத் தேடிப் பென்சிலால் திருத்த ஆரம்பித்தார்.

கணவரின் கை பட்டாணியை மறந்து நின்றுவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தக் காட்சியைப் பார்த்ததிலேருந்து மனசு குறுகுறுங்குது. உன்கிட்ட ஒரு விஷயத்தை நாப்பத்தோரு வருஷமா மறைச்சிட்டேன்.”

“என்னப்பா?” மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“லைன் கிடைக்கலைன்னு சண்டை போட எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன், அங்கதான் உங்கம்மாவைப் பார்த்தேன்னு சொல்லியிருக்கேன்ல? எதுக்காகப் போன் பண்ணினேன்னு சொன்னதே இல்ல.” மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பட்டாணியிடமே பேசினார். “எங்கக்கா ஊருல எனக்கு ஒரு பொண்ணு பார்த்திருந்தா. என்னை மாதிரி அச்சாபீஸ் மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல இடம் அமையாதுன்னா. எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துது.”

மகள் அம்மாவைத் திருட்டுத்தனமாகப் பார்த்தாள். பென்சில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அக்காகிட்ட சம்மதம் சொல்ல உங்கம்மா எக்ஸ்சேஞ்ச் வழியா மூணு தடவை டிரங்க் கால் போட்டேன். நலம் விசாரிக்கிற வரைக்கும் லைன் கணீர்னு இருக்கும். ‘பொண்ணு பிடிச்சிருக்கு’ன்னு சொல்ல வாயைத் திறப்பேன், டொக்குன்னு கட்டாயிரும். மூணு தடவையும் அப்படியே! பதில் வரலையேன்னு பொண்ணு வீட்டுக்காரங்க வேற இடத்துல முடிச்சிட்டாங்க. அந்த ஆத்திரத்துலதான் நேரா எக்ஸ்சேஞ்சுக்கு வந்து குதிச்சேன். நீ ஒரு தம்ளர் தண்ணியை நீட்டி, ‘லைன் கோளாறு சார், உக்காருங்க’ன்னு சிரிச்சே. அத்தோட சரி, அந்தப் பொண்ணு முகமே மறந்துபோச்சு. ஆனா உன்கிட்ட மறைச்சது தப்புதான். கோபமா?”

ஆபரேட்டரம்மா கடிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. தப்பு ஏதாவது காதில் விழுந்தால் திருத்தாமல் விட்டுப் பழக்கமில்லை அவருக்கு.

“மூணு இல்லீங்க, நாலு.”