கட் சொன்ன பிறகு

சௌந்தரம் அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் பவானி கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொன்னார் அம்மா, பெஞ்சில் படுத்தபடியே. பவானி முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினாள்.

நாங்கள் எடுப்பது ஒரு குறும்படம். கிள்ளை கிராமத்தில் ஒரு தாய் செத்துப்போகிறாள், வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர நேரமாகிறது, அவ்வளவுதான் கதை. எழுதி இயக்கியவன் எங்கள் இளவரசு. நான், ராபர்ட், பவானி மூவரும் சிதம்பரத்தில் அவனோடு ஒன்றாகப் படித்தவர்கள். தாயாக நடிப்பவர் அவனுடைய சொந்த அம்மா.

வேறு யாரும் பிணமாகப் படுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ராபர்ட்டின் அத்தையைப் போய்க் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சப்பாட்டுப் படம் எங்களுடையது. காமிரா, ராபர்ட் கல்யாண வீடியோ எடுக்கிற காமிரா. முகத்தில் வெளிச்சம் அடிக்க, கடலூர் துறைமுகத்தில் பொறுக்கிய மீன் பெட்டித் தெர்மாகோல். மைக்கைக் கட்டியிருப்பது ஒட்டடைக் கம்பில்.

எங்கள் பக்கம் இப்போதெல்லாம் ஐஸ் பெட்டி இல்லாமல் சாவு கிடையாது. அதை வாடகைக்கு எடுக்க வழியில்லை. அதனால் ஊரில் கரண்ட் இல்லை என்று கதையையே மாற்றி, அம்மாவை மரப் பெஞ்சில் கிடத்தினான் இளவரசு.

மழைக்காலம் தொடங்கியபோது அவனுக்கே ஐஸ் பெட்டி வந்தது.

கடைசிக் காட்சிக்குப் பிச்சாவரத்தில் படகு பேசிவிட்டு பைக்கில் திரும்பியவனை சிதம்பரம் பைபாஸில் லாரி அடித்துவிட்டது. நானும் ராபர்ட்டும்தான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தோம். அதற்குப் பிறகு படம் என்ற பேச்சை எடுக்கவே எங்களுக்கு வாய் வரவில்லை.

இந்தக் கோடையில் அம்மாதான் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளை ஆரம்பித்ததை முடித்துவிடுங்கள், மிச்சம் இருக்கிற காட்சிகளுக்கு நான் வருகிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அவர் செத்துக் கிடக்கிற காட்சியை மறுபடியும் எடுக்க வேண்டும்.

போன தடவை இமை ஆடிவிட்டதாம். செத்தவள் கண்ணைச் சிமிட்டினால் அவன் படத்தைப் பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்களாம்.

இமை ஆடியது உண்மைதான். எடிட்டிங்கில் வெட்டிவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் பிடித்த பிடியை விடவில்லை. இளவரசு பெயரைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இருந்தது. அதற்கு அம்மா வேண்டும். சரி என்றேன்.

மறுபடியும் அதே வீடு, அதே பெஞ்ச். தாடையைச் சுற்றிக் கட்டு, நெற்றியில் காசு, கழுத்தில் சாமந்தி மாலை.

ஆக்‌ஷன் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

போன தடவை விரலைக் கட்டும்போதே கூச்சம் தாங்காமல் நெளிந்து, டேக் மேல் டேக் வாங்கிய மனுஷி அவர். இன்று உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அசையவில்லை. மகளாக நடிக்கிற பவானி வசனத்தை மறந்துவிட்டு நிஜமாகவே அழுதாள். ராபர்ட் காமிராவிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

கட் சொன்னேன். ஒரே டேக்கில் ஓகே.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், கட் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். சாவு நடிப்போடு போகட்டும், ஆளைத் தொடரக் கூடாது என்பதற்காக. சென்னையில் கொஞ்ச காலம் உதவி இயக்குநராக அலைந்ததில் இளவரசு கற்றுக்கொண்டு வந்தது இந்த ஒன்றைத்தான் என்று நாங்கள் அவனை ஓட்டுவோம்.

போன தடவை அதற்காகவே காமிராவுக்குப் பின்னால் நின்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிக் காட்டினான். அம்மா சிரித்த சிரிப்பில் தாடைக்கட்டு அவிழ்ந்து விழுந்தது.

"எழுந்து ஒரு தடவை சிரிச்சிடுங்கம்மா" என்றேன்.

அவர் எழவில்லை. பாவம், சிரிப்பு எங்கிருந்து வரும்? பேருக்கு உதட்டை அசைத்தால் போதும், மனசு சமாதானமாகிவிடும் என்று நினைத்தேன். விரல் கட்டை அவிழ்க்கப் பவானி குனிந்தாள். அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பிறகு கண்ணைத் திறக்காமலேயே பேசினார். தாடைக்கட்டு இறுகியிருந்ததால் குரல் பல்லுக்குள்ளிருந்து வந்தது.

"அன்னைக்கு நான் சிரிச்சிப்புட்டேன், பழனி. என்னை வுட்டுட்டு அது அவனப் புடிச்சிக்கிச்சு. இந்த வாட்டி சிரிக்க மாட்டேன். நீங்க கெளம்புங்க."

பவானி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராபர்ட் காமிராவை நிறுத்தவில்லை. சிரிப்பைப் பதிவு செய்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்று இளவரசு அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.