இங்கிலீஷ்ல பேரு சொல்லு

கமலக்கண்ணனுக்குக் காலையிலிருந்தே கோபம் தலைக்கேறியிருந்தது. ஓசூர் கார்மென்ட்ஸ் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் அதிகாரி அவர். ஆள் போதாமல் ஒரு தையல் லைன் நின்றுகிடந்தது. மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது அவர்தான்.

எதிரே, அஞ்செட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த பொற்கொடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடம் தையல் வேலை பார்த்தவள் என்றது விண்ணப்பம். துணிவகைப் படங்கள் ஒட்டிய அட்டையை அவள் முன் போட்டார்.

"இதெல்லாம் தச்சிருக்கியா?"

"ஒண்ணத் தவிர எல்லாம் தச்சிருக்கேன் சார்."

"அப்ப இங்கிலீஷ்ல பேரு சொல்லு." பிளேசர் மேல் விரலை வைத்தார்.

"ஸ்லீவ்."

ரெயின்கோட்டைக் காட்டினார்.

"ஸ்லீவ்."

கவுனுக்கும் அதே பதில்.

"விளையாடுறியா? ஒன்பது வருசமா என்னத்த கிழிச்ச?" விண்ணப்பத்தின் மேல் 'பொய்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கடைசியாக வெய்ஸ்ட்கோட்டைத் தட்டினார். "இது?"

"இது தச்சதில்லீங்க சார்."

"ஏன்?"

"இதுக்குத்தான் கையே இல்லீங்களே!" பொற்கொடி எழுந்துவிட்டாள். "கோட்டோ கவுனோ, ஒன்பது வருசமா நான் வெச்சது ஸ்லீவ் மட்டுந்தான். மிச்சத்தையெல்லாம் வேற ஆளுங்க தைப்பாங்க. நான் பாத்த வேலையக் கேக்கறீங்கன்னு சொன்னேன். பொய் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினாள்.

மேசை ஃபோன் அலறியது. லைன் சூப்பர்வைசர்.

"சார், ஸ்லீவ் வைக்க ஆள் கேட்டு பத்து நாளாச்சு. ஒருத்திகூடவா கெடைக்கல?"