நீல அப்பாவின் நடை

“நகர்த்து, கையை எடு, அமுக்கு.”

செவ்வாய்க்கிழமையிலிருந்து இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று டீச்சருக்கே கணக்கில்லை. தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

வேலை லேசானதுதான். களிமண்ணில் ஒரு பொம்மை. அதைத் துளித்துளியாக நகர்த்தி, நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் டேப்லட்டில் ஒரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். அட்டைக் கதவிலிருந்து தீப்பெட்டி நாற்காலி வரை, வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் நடந்து வர வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் படம், நாலு நாள். வெள்ளிக்கிழமை மதியம் அப்பா அம்மாக்கள் வந்து பார்ப்பார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பிடிபட்டது. ஒருவனுடைய அண்ணன் குதித்துக் குதித்து வந்தான். ஒருத்தியின் அத்தை வழியில் இரண்டு தரம் குப்புற விழுந்தாள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வம்பெல்லாம் அழுத்தக்காரியிடம்தான். டீச்சர் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கும் பெண். நீலக் களிமண்ணில் அப்பாவைச் செய்திருந்தாள்.

நகர்த்துவாள். கையை மட்டும் எடுக்க மாட்டாள்.

மூன்று நாளில் முப்பது படம். முப்பதிலும், நகம் கடித்த குண்டு விரல்கள் நீல அப்பாவின் அக்குளுக்குள்.

“மிஸ், இவ கைதான் மிஸ் நடிக்குது,” என்றாள் டேப்லட்டை அமுக்கும் ஓட்டைப்பல்காரி.

“கையை விட்டா அப்பா விழுந்துருவாரு.”

டீச்சர் பொம்மையின் கால்களைத் தடிமனாக்கினாள். உள்ளே கம்பி சொருகினாள். முட்டிபோட்டு உட்கார்ந்து, கன்னம் உப்ப ஊதியும் காட்டினாள். பொம்மை நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது.

அழுத்தக்காரி அதை ஒரு தரம் பார்த்தாள். பழையபடி அக்குளில் கையைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசிப் பத்துப் படம். டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே பெண் பொம்மையை நகர்த்தினாள். கையை எடுத்தாள். எடுத்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பத்திலும் கை இல்லை.

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் கரடியாய்க் கத்தியது வீண்போகவில்லை. பெண்ணின் களிமண் அப்பிய கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, கை விழுந்த முப்பது படத்தையும் நீக்கினாள். பெரிய மேடம் பார்த்தால், இதுதான் சொல்லிக்கொடுத்த லட்சணமா என்பார். மற்றப் பிள்ளைகளின் பொம்மை பத்து நொடி நடக்கும். நீல அப்பா நடு அறையில் திடீரென்று முளைத்து, நாலு எட்டு வைத்து, இரண்டரை நொடியில் உட்கார்ந்துவிடுவார். பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, அந்தப் பத்துதான் சரியாக வந்தது.

மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலும் மோவாயும் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுவதற்கு டீச்சர் விரலைக் கொண்டுபோனபோது கதவு திறந்தது.

தினமும் கூட்டிப்போக வரும், அழுத்தக்காரியின் அம்மா. அவளுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பக்கம் டீச்சர் இதுவரை பார்த்திராத ஓர் ஆள். மூட்டை சுமந்த தோள். அதில் சட்டை மட்டும் இப்போது தொளதொளத்துக் கிடந்தது.

ஒரு காலை வைத்தார். அது நிற்கிறதா என்று பார்த்தார். அடுத்ததை வைத்தார்.

அம்மாவின் இரண்டு கைகளும் அவர் அக்குளுக்கு ஒரு சாண் தள்ளி, காற்றைப் பிடித்தபடி பின்னால் வந்தன. எழுந்து வரப்போன ஒருவரை வேண்டாம் என்று தலையசைத்து உட்காரவைத்தாள்.

கதவிலிருந்து நாற்காலிக்குப் பதினோரு எட்டு. உட்கார்ந்துவிட்டார்.

“கட்டட வேலையில சாரத்துலேருந்து விழுந்து ஏழு மாசம் ஆச்சு டீச்சர்,” என்றாள் அம்மா, நடந்தவள் அவள்தான் என்பது போல மூச்சு வாங்கிக்கொண்டு. “இன்னைக்குக் காலையிலதான் நான் கையை விட்டேன்.”

டீச்சர் டேப்லட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க.”

நீக்கியவை கிடக்கும் கூடையைத் திறந்தாள். முப்பது படமும் அழியாமல் கிடந்தது. குண்டு விரல்கள் பிடித்த பிடியை விடவில்லை.