மூணாவது கை

"நேத்து சாயங்காலம் மூணு கையால துருத்திக்குழல் வாசிச்சேன் டிம்ப்னா. எங்க வீட்டு நாய் பின்னங்கால்ல நின்னு ஆடுச்சு!"

கோல்மன் சொன்னதும் பப்பே அதிர்ந்து சிரித்தது. அவருடைய புளுகைக் கேட்டால் அயர்லாந்தின் கிளேர் கடலே இரண்டடி பின்வாங்கும்.

பப்பை நடத்தும் டிம்ப்னாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அங்கே நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் ஜன்னலோர நாற்காலி குழல்காரருக்கு உரியது. பக்கவாதத்தில் கோல்மனின் வலது கை விழுந்ததிலிருந்து, ஆறு மாதமாக அது காலி. "குழல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்னத்துக்கு?" என்று பிடில்காரர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள். ஊரின் இன்னொரு குழல்காரர் பார்ட்லியை இன்று கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். அதைக் கோல்மனிடம் எப்படிச் சொல்வது?

"புளுகுக்கும் ஒரு அளவு வேணும்டா," என்று உறுமினார் பார்ட்லி. "வலது முழங்கைதான் துருத்திய அமுக்கணும். வலது கைதான் கீழ்த்துளைய மூடணும். உனக்குத்தான் அது தூங்குதே!"

"தூங்கட்டும். மூணாவது கை வாசிச்சுது."

"யாரோட கை?"

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பாத்தியா டிம்ப்னா? பச்சைப் பொய்!"

பார்ட்லிக்கு முப்பது வருஷக் கோபம். எந்த மெட்டையும் மூன்று சுற்று வாசிப்பதுதான் மரியாதை. பார்ட்லி ஆரம்பித்த மெட்டை இரண்டாம் சுற்றிலேயே வெட்டிவிட்டு, கோல்மன் வேறொன்றுக்குத் தாவிவிட்டார். 'செத்தாலும் இவன் பக்கத்துல உக்காரமாட்டேன்' என்று பார்ட்லி அன்றே ஊரறியச் சபதம் போட்டார்.

டிம்ப்னா மென்று விழுங்கினாள். "கோல்மன் அண்ணே... இனிமே அந்த நாற்காலி பார்ட்லி அண்ணனுக்குன்னு..."

கோல்மன் மடியிலிருந்த குழல்பெட்டியைத் தடவினார்.

"சரிம்மா."

அறுபது வருஷத்தில் அவர் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான்.

பார்ட்லி எழுந்து வந்தார். கோல்மனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு முக்காலியை இழுத்து, அவருடைய வலப்பக்கம் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து, துருத்தியைத் தன் வலது முழங்கையில் கட்டிக்கொண்டார்.

"நடந்தது நிசந்தான் டிம்ப்னா. நாய் ஆடினதும் நிசந்தான்," என்றவர் கோல்மன் பக்கம் திரும்பினார். "மூணு சுற்று, தெரியுதா? ரெண்டுல தாவினே, கைய எடுத்துருவேன்!"