திருத்தம் இருந்தால் ஐந்து மணிக்குள்

மணி நாலே முக்கால். இன்னும் கால் மணி நேரம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் நான் தப்பித்தேன்.

காலையில் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தின் குறிப்பை மதியமே இருபத்து மூன்று பேருக்கு மெயிலில் அனுப்பியிருந்தேன். அடியில் வழக்கமான வரி: திருத்தம் இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கவும், இல்லையென்றால் குறிப்பு ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

இந்த நிவாரண அலுவலகத்தில் நான் இளநிலை அலுவலர். அம்மாவைக் கேட்டால், மகள் வெள்ளத்தில் குதித்து ஜனங்களைத் தூக்கிக் கரைசேர்க்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்வாள். உண்மையில் நான் செய்வது, யார் யார் என்னென்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று எழுதி வைப்பது.

கூடாரம் ஒரு அமைப்பு, மருந்து ஒரு அமைப்பு, தண்ணீர் ஒரு அமைப்பு. ஆளுக்கொரு பக்கம் இழுக்காமல் இருக்க வாரம் ஒரு கூட்டம், ஒரு நீள மேஜை, மேஜையின் கோடியில் லேப்டாப்போடு நான்.

எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். அதிகாரம் என்று ஒரு துளி கிடையாது. ஆனால் என் குறிப்பில் ஏறிவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் அடுத்த வாரம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்று ஏழாவது பத்தியில் நான் ஏற்றியிருந்தது இது: ‘மேட்டுக் கூடாரங்களுக்கு வியாழனுக்குள் குழாய் இழுத்துத் தருவதாகத் தண்ணீர் இன்ஜினியர் ஒப்புக்கொண்டார்.’

அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

அவர் எதையுமே சொல்வதில்லை. அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயரே ‘உம்’. கட்டடம் தீப்பற்றி எரிகிறது என்றாலும் ‘உம்’ என்பார். மேட்டுக் கூடாரத்துத் தண்ணீர்ப் பிரச்சினையை நான் எடுத்தபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு ‘உம்’ வந்தது. அவ்வளவுதான். கூட்டம் போர்வைக்குத் தாவி, அரை மணி நேரம் போர்வைக்குள்ளேயே கிடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தின நாள்தான் அந்த மேட்டில் ஏறியிருந்தேன். நூற்று இருபது குடும்பம். குழாய் அடிவாரத்தில். நிறைமாத வயிற்றோடு ஒரு அக்கா, குடத்தைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள். பெரிய மனுஷி மாதிரி நான் வாங்கித் தூக்கினேன். பாதி வழியில் கால் சறுக்கி, முக்கால் குடம் என் தலையிலேயே கொட்டியது. அவள் கோபிக்கவில்லை. சிரித்தாள்.

“தண்ணிக்குப் பயந்துதாம்மா மேல ஏறுனோம். இப்ப தண்ணிக்காகவே தினம் கீழ இறங்குறோம்.”

மிச்சமிருந்த கால் குடத்தை அவளுடைய கூடாரத்தில் நான் இறக்கி வைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

குறிப்பு எழுத உட்கார்ந்தபோது விரல் தானாக ஓடிவிட்டது. ஒருவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவளுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? மெயில் போன பிறகுதான் அது உறைத்தது.

நாலு ஐம்பதுக்கு மேலதிகாரி, பிரிண்ட் எடுத்த தாளோடு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

“ஏழாவது பாயின்ட்... அவர் இப்படிச் சொன்னாரா? எனக்குக் கேட்ட மாதிரி இல்லையே.”

“நீங்க அப்ப போன்ல இருந்தீங்க சார்.”

அவர் எப்போதுமே போனில்தான் இருப்பார். அதனால் மறுக்க முடியவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே, இன்ஜினியரே பார்த்துச் சொல்லட்டும் என்று போய்விட்டார்.

நாலு ஐம்பத்தாறுக்கு ஒரு மெயில். அனுப்பியவர் சாட்சாத் ‘உம்’. இருபத்து மூன்று பேருக்கும் நகல். தலைப்பு: ஏழாவது பத்தி, திருத்தம்.

அம்மா தெருவில் என்னவென்று சொல்லிச் சமாளிப்பாள் என்று யோசித்துக்கொண்டே திறந்தேன்.

‘வியாழன் எனத் தவறாக உள்ளது. புதன் என்றுதான் கூட்டத்தில் சொன்னேன். குறிப்பெடுப்பவர் கவனமாக இருக்கவும்.’

சொன்னாராம்.

கூடவே ஒரு போட்டோ. நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கம். அடிவாரத் தொட்டியிலிருந்து மேடு வரைக்கும் ஒரு கோடு. எத்தனை அடிக்கு எத்தனை குழாய், பம்ப் எங்கே, வளைவு எங்கே, மேலே எந்தெந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில் குழாயடி, எல்லாம் பொடி எழுத்தில். ஓரத்தில் ‘புதன்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு.

நான் பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் தாளில் தண்ணீரே கொண்டுவந்துவிட்டார். வாயைத் திறந்து சொன்னதாகவும் நினைத்துக்கொண்டுவிட்டார்.

மேலதிகாரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, இப்படியா தேதியைக் கோட்டை விடுவது என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, வியாழனைப் புதனாக்கினேன். ‘தவறாகக் குறித்ததற்கு வருந்துகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்து, ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன்.

அந்த அலுவலகத்தில் என் பெயரில் பதிவான ஒரே தவறு அதுதான்.